சேர்ப்பது எளிது, நீக்குவது அரிது

இலக்கிய அன்பர்களுக்கு மென்பொருளில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் தமிழைத் தட்டச்சிடுவதும், தேடுவதும், அகரவரிசைப்படுத்துவதும் யாரோ எழுதிய நிரல்களின் தயவில்தான். ஆகவே அந்நிரல்களில் புதியதொன்றை எப்போது சேர்ப்பது என்பதில் நமக்கும் அக்கறை உண்டு.

ஏபிஐ என்பது ஒரு நிரல் பிற நிரல்களுக்கெனத் திறந்து வைக்கும் வாயில். 'இன்ன பெயரால் அழைத்தால் இன்ன விடை தருவேன்' என்னும் வாக்குறுதி அது. உள்ளே இருப்பதை எத்தனை முறையும் மாற்றலாம்; வாக்குறுதியை மாற்றினால் அதை நம்பியோர் அனைவரின் வேலையும் நின்றுபோகும்.

இதற்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. ஒருங்குறி அட்டவணையில் ஆய்த எழுத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி' என்பது. ஆய்தம் வேறு, வடமொழி விசர்க்கம் வேறு என்பதைத் தொல்காப்பியம் படித்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தைய இடத்தில் அனுஸ்வாரக் குறி ஒன்றும் இருக்கிறது. தமிழில் அது வழங்குவதில்லை என்று அட்டவணையே குறிப்பெழுதி வைத்திருக்கிறது. ஆயினும் பெயரையும் திருத்த இயலாது, குறியையும் நீக்க இயலாது. ஒருமுறை சேர்த்ததை நீக்குவதில்லை, இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் நிலைத்தன்மை விதி. விதி நியாயமானதே. பிழை, சேர்த்த நாளில் நேர்ந்தது.

நம் தென்சென்னைப் புறநகருக்கும் இக்கேள்வி அந்நியமன்று. 2005ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கப்பட்டபோது, சென்னை சி-டாக்குடன் அதை ஏற்று நடத்தியது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி ஆய்வு மையம். தாம்பரம், குரோம்பேட்டைக் கல்லூரிகளின் மாணவர்கள் இன்று தமிழ் நிரல்களுக்குப் பங்களிக்க முன்வந்தால் எதை, எப்போது ஏற்பது?

எழுத்தெண்ணும் செயற்கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'கொடு' என்பது நமக்கு ஈரெழுத்து. கணினிக்கு நான்கு குறியீடுகள். 'ஓப்பன்-தமிழ்' போன்ற பைத்தான் நிரலகம் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருவது இதனால்தான். ஆனால் 'க்ஷ' ஓரெழுத்தா, ஈரெழுத்தா? 'ஸ்ரீ' எத்தனை? இதை முடிவு செய்யாமல் அவசரமாக இணைத்துவிட்டால், குறுக்கெழுத்துப் புதிர் செய்பவர் ஒரு விடையை நம்பி எழுதுவார். பின்னர் நாம் திருத்துவோம். அவருடைய கட்டங்கள் பொருந்தாமற்போகும்.

தாமதத்துக்கும் விலை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆர்வத்தோடு நிரல் அனுப்பிய மாணவருக்கு ஆறு மாதம் பதிலே வராவிட்டால் அவர் மறுமுறை வரமாட்டார். தமிழ்க் கணிமைக்குக் கைகள் குறைவு. வந்த கையைத் தட்டிவிடலாகாது.

இதற்கு நடுவழி ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பைத்தான் மொழியில் 'அசிங்க்ஐஓ' என்னும் பகுதி 2014இல் 3.4 பதிப்பில் 'தற்காலிகம்' என்ற அறிவிப்புடனேயே சேர்க்கப்பட்டது, 2016இல் 3.6 பதிப்பில்தான் அது நிலையானதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் பலரும் பயன்படுத்தினர், குறைகள் தெரிந்தன, மாற்றங்கள் நிகழ்ந்தன. அறிவிப்பு முன்பே இருந்தமையால் எவரும் ஏமாற்றப்படவில்லை.

எனவே நம் கருத்து இது. வரும் நிரலை விரைந்து வரவேற்போம். 'சோதனை நிலை' என்று பெயரெழுதி உள்ளே விடுவோம். எழுதியவர் அல்லாத இருவரேனும் அதைத் தம் உண்மையான வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்தபின், 'க்ஷ' போன்ற ஐயங்கள் ஆவணத்தில் தீர்க்கப்பட்டபின், பராமரிக்க ஒருவர் பொறுப்பேற்றபின், நிலையானது என்று அறிவிப்போம். நிரல் பிழையின்றி ஓடுகிறது என்பது அதற்குப் போதாது. பத்தாண்டு கழித்தும் இதே பெயருக்கு இதே விடையைத் தருவோம் என்று சொல்லும் துணிவு வந்த நாளே இணைப்பதற்குரிய நாள்.