அந்தமானில் நீச்சல் குளம் எதற்கு?

"அமெரிக்காலேர்ந்து வந்துட்டு அம்மாவை ஓலைக் கொட்டாய்லயா மாப்ள படுக்க வைக்கப் போறீங்க?"

தங்கமணியின் அண்ணன் போனில் கேட்டது. மதுரையிலிருந்து என் சித்தப்பாவும் அதையே கேட்டார். வெளிநாட்டில் பொட்டி தட்டுகிறவன் ஊருக்கு வந்தால் எங்கே தங்க வேண்டும் என்பதில் நம் சொந்தபந்தங்களுக்கு ஒரு தீர்மானமான கருத்து இருக்கிறது. நாம் சிக்கனமாய் இருந்தால் அது நம் கஞ்சத்தனம் மட்டுமில்லை, அவர்களுக்கே ஏதோ மரியாதைக் குறைவு.

முதலில் நானும் பெரிய விடுதியில்தான் அறை பார்த்தேன். ஹேவ்லாக் தீவு (2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், படகுத்துறையில் எல்லோரும் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்). ஒரு ராத்திரிக்கு 28,000 ரூபாய். டாலரில் வகுத்துப் பார்த்தால் பரவாயில்லை போலத்தான் இருந்தது. நம்மைக் கெடுப்பதே இந்த வகுத்தல் கணக்குதான். படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன். கடலுக்கு ஐம்பது அடி தள்ளி ஒரு நீச்சல் குளம். அதில் ஒரு வெள்ளைக்கார ஜோடி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?

அந்தமானில் வருஷத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல ரெண்டு மடங்கு. ஆனால் சின்னச் சின்ன மலைத் தீவுகள், பெரிய ஆறு கிடையாது, பெய்கிற மழை அப்படியே கடலுக்கு ஓடிவிடும். தலைநகர் போர்ட் பிளேரே (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) தனிக்காரி அணையை நம்பி இருக்கிற ஊர். கோடையில் அங்கே குழாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். 1970களில் அப்பா அங்கே அரசு வேலையில் மூன்று வருஷம் இருந்தார். அவர் எழுதிய கடிதங்களில் பாதி தண்ணீரைப் பற்றித்தான் என்று அம்மா சொல்வார். எங்கள் படிப்புக்காக அம்மா ஊரிலேயே இருந்துவிட்டார். கப்பலில் மூணு நாள், ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியாது. அப்பா இப்போது இல்லை. அவர் பார்த்த கடலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது மட்டும் அம்மாவின் ஆசை. குளத்தை இல்லை.

கடைசியில் விஜயநகர் கடற்கரைக்குப் பக்கத்தில், ஒரு வங்காளிக் குடும்பம் நடத்துகிற ரெண்டு குடிசைகளை எடுத்தோம். மூங்கில் சுவர், ஓலைக் கூரை, கொசுவலை, மின்விசிறி. குடிசைக்கு 2,500 ரூபாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் சொர்க்கமாய் இல்லை. முதல் ராத்திரியே கரண்ட் போனது. குளியலறையில் ஒரு தவளை நிரந்தரமாய்க் குடியிருந்தது, சின்னவள் அதற்குப் பேர் வைத்துவிட்டாள். மணல் ஈ கடித்துத் தங்கமணியின் கால் தடித்துப்போய், ரெண்டு நாள் என்னிடம் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். அது இல்லையென்றால் நானும் மச்சான் கட்சிதான். ஆனால் அது ஒரு பீங்கான் சமாச்சாரம். அதற்கு 25,000 ரூபாய் வித்தியாசம் ஆகாது.

இனி சண்டைக்கு வருகிறேன். "பணக்கார டூரிஸ்ட் கொஞ்சப் பேர் வந்தால் போதும், கூட்டம் குறையும், தீவு பிழைக்கும், காசும் வரும்" என்று ஒரு வாதம் இருக்கிறது. படித்தவர்கள் சொல்கிற வாதம், கேட்க நன்றாகவும் இருக்கும். காசு யாருக்கு வரும்? மாலத்தீவைப் பாருங்கள். பல வருஷங்களாய் ஒரு தீவு ஒரு ரிசார்ட் என்றுதான் நடத்தினார்கள். மக்கள் வாழும் தீவுகளில் உள்ளூர்க்காரர்கள் விடுதி நடத்த 2009 வாக்கில்தான் வழி பிறந்தது. அதற்கப்புறம் மாஃபுஷி மாதிரித் தீவுகளில் வீட்டுக்கு வீடு அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். அதுவரை தன் ஊர்க் கடலில் அவனுக்குக் கிடைத்தது அடுத்தவன் விடுதியில் சம்பள வேலை.

ஹேவ்லாக் கிராமங்கள் 1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளுக்குக் காடு வெட்டிக் கொடுத்து உண்டானவை. எங்கள் குடிசைக்காரரின் தாத்தா அப்படி வந்தவர். நெல் விதைத்தார், தென்னை வைத்தார். 2004இல் டைம் பத்திரிகை ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியது, நிலத்தின் விலை ஏறியது. அதே வருஷ டிசம்பரில் சுனாமி. இதையெல்லாம் தாண்டி அந்தக் குடும்பம் அங்கேயே நிற்கிறது. நான் கொடுத்த 2,500இல் மீன்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் எவ்வளவு போனது என்று என் கண்ணாலேயே பார்த்தேன். 28,000 எங்கே போகும், மும்பைக்கா டெல்லிக்கா, எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

2019இல் தீவுக் கடலோர விதிகளை மாற்றினார்கள். கரையிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்றிருந்ததை, ஹேவ்லாக் போன்ற தீவுகளுக்கு 50 மீட்டராகக் குறைத்தார்கள். குடிசைக்காரர் கேட்டு நடந்தது என்றா நினைக்கிறீர்கள்? ஓலைக் கொட்டாயைப் பத்தடி பின்னால் நகர்த்துவது ஒரு வாரத்து வேலை. கரைக்குப் பக்கத்தில் கட்டியே ஆக வேண்டும் என்ற அவசரம் கான்கிரீட்டுக்குத்தான்.

பாதுகாப்பு? அதையும் மச்சான் கேட்டார். 2010இல் ராதாநகர் பக்கத்தில் ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை அடித்துக் கொன்றது. எந்தக் கழிமுகத்துக்குப் பக்கத்தில் குளிக்கக் கூடாது, எப்போது கடல் உள்வாங்கும் என்று முதல் நாள் காலையிலேயே குடிசைக்காரர் என்னை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். போர்ட் பிளேரில் தமிழர்களோடு கொத்து வேலை பார்த்தவராம், தமிழிலேயே சொன்னார். அவர் மனைவிக்கும் அம்மாவுக்கும் பொது மொழியே கிடையாது. ஆனாலும் மூணாம் நாள் ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

அங்கே விடியல் சீக்கிரம், அஞ்சு மணிக்கே வெளுத்துவிடுகிறது. கடைசி நாள் கண் விழித்தால் அம்மாவைக் காணோம். பதறி ஓடினேன். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. முட்டிவரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். "உங்கப்பா பொய் சொல்லலடா. பச்சையாத்தான் இருக்கு" என்றார்.

போன வாரம் மச்சான் போன் செய்தார். பிள்ளைகளுக்குக் கோடை லீவாம், குடிசைக்காரர் நம்பர் வேண்டுமாம். கொடுத்தேன். ஏசி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். டார்ச்சும் ஓடோமாஸும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். தவளை விஷயம் சொல்லவில்லை :-)