கண்ணில் பூ விழுவது விதியன்று

"கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்பது நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் சொல். மரத்திலிருந்து பூ உதிர்வதைப் போல அதுவும் தானாக வந்து விழுந்தது என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. எங்கள் கண் மருத்துவப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பலரும் "தலையெழுத்து" என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகின்றனர். அவர்களிடம் நாங்கள் கேட்கும் முதற்கேள்வி, "கண்ணில் எப்போது, என்ன பட்டது?" என்பதே. பெரும்பாலான பூக்களுக்கு ஒரு நாளும் ஒரு காரணமும் இருக்கின்றன. அந்த ஒரு நாளில் செய்ததும் செய்யத் தவறியதுமே பல கண்களின் எதிர்காலத்தை முடிவு செய்கின்றன. அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்த முதல் நாளைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது எங்கள் குறை. இக்கட்டுரை அதற்காகவே.

பூ வேறு, புரை வேறு

கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் போல, ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் ஒன்று உள்ளது. அதையே கருவிழி என்கிறோம். அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால்தான் அது பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. காயமோ கிருமித் தொற்றோ அதன் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாக இறங்கினால், ஆறும்போது தோலில் தழும்பு உண்டாவதைப் போலவே அங்கும் தழும்பு உண்டாகிறது. தோலில் தழும்பு அழகைத்தான் கெடுக்கும். கருவிழியின் நடுவில் அது பார்வையையே மறைத்துவிடும்.

கண்புரை இதனின் வேறானது. கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ், பெரும்பாலும் முதுமையினால் மங்குவதே புரை. இரண்டையும் மக்கள் 'பூ' என்றே அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. கருவிழியில் புண் இருக்கும்போதே "புரை முற்றட்டும்" என்று காத்திருந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். புரை காத்திருக்கும், கருவிழிப் புண் காத்திருக்காது. வலி, சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல் ஆகியவற்றோடு கருவிழியில் வெண்மை தெரிந்தால், அது அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய கண்.

இந்நோய் தாக்குவது முதியோரை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2015 முதல் 2019 வரை நடைபெற்ற தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு உட்பட்டோரின் பார்வையிழப்புக்கு முதற்காரணமாக இருந்தது கருவிழி வெண்மையே. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதனால் நேர்ந்தது. உழைக்கும் வயதில், குடும்பத்தைத் தாங்கும் காலத்தில் பறிபோகும் பார்வை இது.

மணிக்கணக்கில் ஒரு பாடம்

காலத்தின் அருமையை உணர்த்தும் ஆய்வு ஒன்று நேபாள நாட்டின் பக்தபூரில் நடந்தது; 2001-இல் வெளியானது. கருவிழியில் கீறல் ஏற்பட்ட 442 பேருக்கு, பயிற்சி பெற்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பை மூன்று நாள்கள் இட்டனர். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நால்வருக்குப் புண் வந்தது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்த 49 பேரிலோ 14 பேருக்கு வந்தது. மருந்து ஒன்றே, மருந்திட்டவர்களும் அவர்களே. வேறுபட்டது கடிகாரம் மட்டும். இதைப் படித்துவிட்டு நீங்களே களிம்பு வாங்கி இட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. அன்றே கண்ணைக் காட்டிவிட வேண்டும் என்பதே.

நம் மாநில அனுபவமும் இதையொட்டியதே. மதுரையில் 1994-ஆம் ஆண்டு மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு அதற்குமுன் கண்ணில் காயம் பட்டிருந்தது தெரியவந்தது. நெல்லின் சுணை, கரும்புச் சோகை, மண், மாட்டின் வால் என்று சிறிதாகத் தோன்றும் காயங்களே பெரும் புண்ணுக்கு வாயிலாகின்றன. நம் வெப்பமான நாட்டில் இப்புண்களில் பெரும்பங்கு பூஞ்சையால் வருவது. அதற்கு மணிக்கொரு முறை சொட்டு மருந்து இட்டு, வாரக்கணக்கில் பொறுமை காக்க வேண்டும். புதிய மருந்துதான் சிறந்தது என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடைபெற்று 2013-இல் வெளியான ஆய்வில், நெடுங்காலமாக வழக்கிலுள்ள நாட்டாமைசின் சொட்டு மருந்தே புதிய வோரிகோனசோலைவிட நல்ல பலன் தந்தது.

கண்ணில் எதை விடக்கூடாது?

காயம்பட்ட கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றை விடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அன்பினால் செய்வது என்பதை அறிவோம். ஆயினும் கீறல் பட்ட கருவிழி கதவு திறந்த வீடு. அதில் ஊற்றும் எதனோடும் கிருமியும் உள்ளே நுழையும்.

இவற்றைவிடவும் எங்களுக்கு அச்சம் தருவது, மருந்துச் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. அதை விட்ட சில மணி நேரத்தில் சிவப்பும் வலியும் குறையும், நோயாளி மகிழ்வார். ஆனால் உடலின் காவலை அது தளர்த்திவிடுவதால், பூஞ்சையும் சிலவகை வைரசும் தடையின்றிப் பரவும். மறுபடி வலி தோன்றும்போது புண் ஆழமாகியிருக்கும். ஸ்டீராய்டு கொடிய மருந்தன்று. கருவிழி மாற்றிய கண்ணைக் காப்பதே அதுதான். எந்தக் கண்ணில், எப்போது, எத்தனை நாள் என்பதைக் கண்ணை விளக்கின்கீழ் பார்த்தவரே சொல்ல முடியும். முன்பு உங்களுக்குக் கொடுத்த மருந்தையோ பக்கத்து வீட்டாரின் மருந்தையோ சிவந்த கண்ணில் விடாதீர்கள்.

நம் வட்டாரத்தின் கடமை

நம் ஊர் தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர். குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரே குரோம்பேட்டை ஆயிற்று. பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் இன்றும் உண்டு. தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பு பயன்படும் தொழில் அது. பல்லாவரம், திரிசூலம் மலைகள் கல் உடைத்த மலைகள். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் லேத் பட்டறைகள், வெல்டிங் கடைகள், முடிவுறாத கட்டட வேலைகள். ஆகவே இங்குள்ள கண்களுக்கு வரும் ஆபத்து வயலிலிருந்து மட்டும் வருவதன்று. இரும்புத் தூளாகவும் சிமெண்டாகவும் சுண்ணாம்பாகவும் வருகிறது.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த இடத்திலேயே, கிடைக்கும் சுத்தமான தண்ணீரால், இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் இடைவிடாமல் கழுவ வேண்டும். அதன் பிறகே பயணம். சுண்ணாம்பு தங்கியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் அழுத்தி விளையாடும்போது வெடித்துக் கண்ணில் தெறிப்பதும் உண்டு. அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரும்புத் தூள் விழுந்தால் தோழர் ஒருவர் ஊசியாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடும் பட்டறை வைத்தியம் வேண்டாம்.

பட்டறை உரிமையாளர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய செலவன்று: ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி, எட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். தொழிலாளி கண்ணாடி அணியவில்லை என்று குறை சொல்வதற்கு முன், அணியக்கூடிய கண்ணாடி ஒன்றைக் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

தழும்பு விழுந்த பின்

விழுந்த பூவுக்கெல்லாம் அறுவை தேவையில்லை. ஓரத்தில் உள்ள மெல்லிய தழும்பை அப்படியே விட்டுவிடலாம். மேற்பரப்பு சமமின்றிப் போனதால் மங்கும் பார்வை, கடினவகைக் கான்டாக்ட் லென்சால் வியக்கத்தக்க அளவு தெளிவதுண்டு. மேலோட்டமான தழும்பை லேசர் ஒளியால் நீக்கலாம். நடுவில் ஆழமாகப் படிந்த தழும்புக்கே கருவிழி மாற்றுச் சிகிச்சை. இப்போது முழுத் தடிமனையும் மாற்றாமல், பழுதான அடுக்கை மட்டும் மாற்றும் முறைகளும் வந்துவிட்டன. சொட்டு மருந்தால் தழும்பு கரையும் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

உலகில் நிலைத்த முதல் மனிதக் கருவிழி மாற்றத்தை 1905 டிசம்பரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், இன்றைய செக் நாட்டின் ஓலமௌட்ஸ் நகரில் செய்தார். நோயாளி, சுண்ணாம்பால் இரு கண்களும் வெந்த ஒரு தொழிலாளி. மாற்றிய இரு கண்களில் ஒன்றுதான் நிலைத்தது. நூற்றாண்டு கடந்தும் சுண்ணாம்பு சுட்ட கண்கள் எங்களுக்குக் கடினமான கண்களே. அவற்றில் இரத்தக் குழாய்கள் படர்ந்துவிடுவதால் புதிய கருவிழியை உடல் ஏற்க மறுப்பது அதிகம்.

மாற்றிய கருவிழி ஒரு விருந்தாளி. ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு, கூச்சம், வலி, பார்வை மங்கல் ஆகிய நான்கில் ஒன்று தோன்றினாலும் அன்றே வர வேண்டும். "அடுத்த வாரம்தானே செக்-அப்" என்று காத்திருப்பது ஆபத்து. சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. இதை நோயாளியைவிடக் கவனித்துக்கொள்பவரே நினைவில் வைக்க வேண்டியிருக்கும்.

மற்றொரு கடிகாரம்

மாற்றுவதற்குக் கருவிழி வேண்டும்; அதை எந்தத் தொழிற்சாலையாலும் இன்று தேவையான அளவு தர முடியாது. நம் மின்ரயில் செல்லும் எழும்பூரில், 1819-இல் தோன்றிய பழம்பெரும் அரசு கண் மருத்துவமனையில்தான், 1945-இல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். அந்தப் பெருமை நமக்கு உண்டு. அதற்கேற்ற கடமையும் உண்டு.

இங்கும் கடிகாரம் ஓடுகிறது: உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களைப் பெற்றாக வேண்டும். உறுதிப் படிவம் முன்பே எழுதாவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி, கண் வங்கியை அழைத்துவிடுங்கள். வயது தடையன்று. கண்ணாடி அணிந்தவர், புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோயாளி யாவரும் தரலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரசு, வெறிநாய்க்கடி நோய் போன்றவை இருந்தால் மட்டும் இயலாது. அதை வங்கியினரே ஆராய்ந்து சொல்வர். முகம் விகாரமாகாது, சடங்குகளும் தடைப்படா.

துக்க வீட்டில் இதை முதலில் சொல்ல ஒருவருக்குத் துணிவு வேண்டும். ஆகவே வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில் பேசி வைத்துவிடுங்கள். கண்ணில் ஏதேனும் பட்டால் யார் உடனே அழைத்துச் செல்வது என்பதையும் அதே நாளில் முடிவு செய்துகொள்ளுங்கள்.