வந்தா போதும்ங்கிற புத்தி

வானூர்ல இருந்துகிட்டு வானூர்தி பத்தி எழுதலைன்னா ஊர்ப்பேருக்கே அவமானம்ங்க. அதனால இன்னைக்குக் கொஞ்சம் காரமாவே எழுதறேன். பிளாஸ்டிக் விமானம் ஒட்டறதெல்லாம் சின்னப்பசங்க விளையாட்டுன்னு நினைக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம்.

விஷயம் இதுதான். இந்திய விமானப்படை விமானம்னு எந்தக் கிட் வந்தாலும் நம்மாளுங்க தரத்தைப் பார்க்கறதே இல்லை. பெட்டி மேல மூவர்ண வட்டம் தெரிஞ்சா போதும், கண்ணு கலங்கிடுது. உள்ளே என்ன இருக்கு? ரெண்டு பாதியும் ஒண்ணோட ஒண்ணு சேராத உடம்பு, ஓரமெல்லாம் பிசிறு, வாய்க்கால் வெட்டின மாதிரி பேனல் கோடு. பட்டி பார்த்து, காய வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, திரும்பவும் பட்டி. மரக்காணத்து உப்பளத்துல இருக்கற உப்பை விட என் மேஜையில உப்புத்தாள் ஜாஸ்தி. கடைசியில பெயிண்ட் அடிச்சா, ஐப்பசி ஈரக்காத்துல வெள்ளை பூத்து நிக்கும். அது இயற்கை, விடுங்க. சேராத உடம்பு இயற்கை இல்லையே!

கேட்டா, "இந்த விமானத்துக்குக் கிட் வந்ததே பெருசு சார்"ங்கறாங்க. இந்த 'வந்ததே பெருசு'தான் நம்மளைக் கெடுக்குது.

நாட் விமானத்தை எடுத்துக்குங்க. 1965 போர்ல 'சேபர் ஸ்லேயர்'னு பேர் வாங்கின குட்டி விமானம். 1971 டிசம்பர் 14 அன்னைக்கு ஸ்ரீநகர் மேல சண்டை போட்டு உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டினது இதைத்தான். விமானப்படையில பரம்வீர் சக்ரா வாங்கின ஒரே ஆள் அவர். அவரோட 18வது ஸ்குவாட்ரன்தான் 2020 மே மாசம் நம்ம சூலூர்ல தேஜாஸ் விமானங்களோட மறுபடியும் உயிர் பெற்றது.

2012ல ஏர்ஃபிக்ஸ் புது அச்சுல நாட் கொண்டு வந்தாங்க, 1/72, 1/48னு ரெண்டு அளவுலயும். ஆனா அது ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டின டி.1, ரெண்டு சீட் பயிற்சி விமானம். நம்ம விமானப்படை அதை ஓட்டினதே இல்லை, நம்மது ஒத்தை சீட். "பின்சீட்டை மூடி, கலரை மாத்தினா முடிஞ்சுது"ன்னு சொல்ற புண்ணியவான்களுக்கு ஒரு கணக்கு. டி.1 இறக்கையோட அகலம் சுமார் 7.3 மீட்டர், ஒத்தை சீட் நாட்டுக்கு சுமார் 6.7 தான். 1/72 அளவுல எட்டு மில்லிமீட்டர் இடிக்கும். உடம்பும் அரை மீட்டருக்கு மேல நீளம். அது வேற விமானம் சாமிகளா!

இதுல இன்னொரு கூத்து. 2006ல ஹார்ன்பி கம்பெனி ஏர்ஃபிக்ஸை வாங்கினதுக்கு அப்புறம் வந்த நிறைய பெட்டிகள்ல 'மேட் இன் இந்தியா'ன்னே போட்டிருந்தது. பிளாஸ்டிக் மெத்துனு இருக்கு, கோடு ஆழமா இருக்குன்னு வெளிநாட்டுக்காரங்க புலம்பினாங்க. கோட்டோட ஆழம் பிளாஸ்டிக் ஊத்தறவர் கையில இல்லை, அச்சு வெட்டும்போதே முடிவாகிடும். நான் சொல்ல வர்றது வேற. கிட் ஊத்தற மிஷின் இங்கயே ஓடியிருக்கு, அதுல நமக்காகச் சண்டை போட்ட நாட் மட்டும் வரலை. வெளியிலேருந்து வாங்கலாம்னா, ஸ்கேல் மாடலும் பொம்மைக் கணக்குல சேர்ந்து 2020 பட்ஜெட்ல சுங்கவரி 20 சதவீதத்துலேருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு.

அடுத்தது மாருத். 1961 ஜூன் 17 அன்னைக்கு பெங்களூர்ல முதல்முறை பறந்தது. மொத்தம் 147 கட்டினாங்க, 1971ல ராஜஸ்தான் எல்லையில சண்டைக்கும் போச்சு. வடிவமைச்சவர் ஜெர்மன்காரர் குர்ட் டேங்க். அவரோட ஃபோக்கே-வுல்ஃப் 190க்குக் கிட் போடாத பெரிய கம்பெனியே கிடையாது. ஆனா டமியா, ஹசெகவா, ரெவெல், ஏர்ஃபிக்ஸ் யாரும் மாருத் போட்டதில்லை. மார்க்கெட் இல்லையாம்! அதே டேங்க் குழு வரைஞ்ச டா 183 ஒரு தடவை கூடப் பறக்கலை. அதுக்குப் பிளாஸ்டிக் கிட் வந்திருக்கு. பறக்காத விமானத்துக்கு மார்க்கெட் இருக்கு, போருக்குப் போனதுக்கு இல்லையா?

சின்னக் கம்பெனிகள் மேல எனக்குக் கோபம் இல்லை. ஸ்டீல் அச்சு வெட்ட ஏகப்பட்ட காசு ஆகும். அவங்க மலிவான அச்சுல கொஞ்ச எண்ணிக்கைதான் ஊத்துவாங்க, பொருத்தம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். கோபமெல்லாம் அதை 'சூப்பர் கிட்'னு புகழற நம்மாளுங்க மேலதான். குறையைச் சொன்னா தேசத்துரோகி மாதிரி முறைக்கறாங்க. மட்டமானதையே கைதட்டி வாங்கிக்கறவனுக்கு எவன் நல்லதைச் செய்வான்?

என் ஆசை ரொம்பப் பெருசில்லை. 1/48ல ஒரு ஒத்தை சீட் நாட். 1/72ல ஒழுங்கான அளவோட ஒரு மாருத். இறக்கை வளைவு சரியா வந்த ஒரு தேஜாஸ். அளவு எடுக்கறது கஷ்டமில்லை, பெங்களூர் ஹெச்.ஏ.எல். மியூசியத்துலயும் டெல்லி பாலம் மியூசியத்துலயும் மாருத் நிக்குது. லேசர் ஸ்கேன் பண்ணிட்டு வரலாம். டை போட அம்பத்தூர்லயும் கோயம்புத்தூர்லயும் ஆள் இருக்காங்க. மிக்-21ம் 2025 செப்டம்பர் 26ல ஓய்வு வாங்கிடுச்சு. இனி ஒவ்வொண்ணா கண்ணுலேருந்து மறையும். அப்புறம் பசங்க கையில கொடுக்க மிஞ்சறது இந்தக் கிட்தான். அது தப்பா இருந்தா, அவன் மனசுல நிக்கற விமானமும் தப்பாத்தான் இருக்கும்.

உயிரைக் கொடுத்தவர் ஓட்டின விமானத்துக்கு எட்டு மில்லிமீட்டர் தப்பினா என்னன்னு கேக்கறது தேசபக்தி இல்லைங்க. சோம்பேறித்தனம்.

பி.கு.: அஜீத் கிட்டும் வேணும். 'தல' இல்லைங்க. ஹெச்.ஏ.எல். நாட்டைத் திருத்திப் பண்ணின விமானம். நம்ம ஆளுங்க நாட்டைத் திருத்தின ஒரே சந்தர்ப்பம் அதுதான்!