கரை போட்டவன் மடையும் வச்சான்

இந்தத் தடவை வெள்ளாமை பத்தி இல்ல. எங்க வீட்டு பாத்ரூம் சுவரைப் பத்தி. கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டினோம். பைப்பு, வால்வு எல்லாம் சுவருக்குள்ள. "வால்வுகிட்ட திறந்து பாக்க ஒரு வழி வைங்க தம்பி"ன்னு கொத்தனார்கிட்ட கேட்டேன். "அண்ணாச்சி, சுவரு பார்வையா இருக்க வேணாமா? உள்ள போற பைப்பு உங்க பேரன் காலம் வரைக்கும் கிடக்கும்"னு சொல்லிட்டார். நானும் தலையாட்டிட்டேன். என் தப்பு அதுதான்.

இந்தச் சித்திரையில பக்கத்து ரூம் சுவர் உப்புப் பூத்துச்சு. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு, மாடித் தொட்டியில தண்ணி மட்டத்துக்கு ஒரு கோடு போட்டேன். காலையில பாத்தா நாலு விரக்கடை இறங்கிக் கிடக்கு. நாலு குடம் தண்ணி! எங்க ஒழுகுதுன்னு தெரியாம ஏழு டைல்ஸ் உடைச்சோம். கடைசியில பாத்தா ஷவர் வால்வுகிட்ட ஒரு எல்போ. டீ வடை காசுதான் அதோட விலை. அதே டைல்ஸ் இப்போ கடையில இல்ல. அழகு கெட்டுரும்னு வழி வைக்காத சுவர், இன்னைக்கு ஒட்டுப்போட்ட சட்டையா நிக்குது.

டைல்ஸ் போனதைவிட தண்ணி போனதுதான் வலிக்குது. விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் தாமிரபரணியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணி கொண்டு வர்ற சீமை இது. 2003-ல மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினாங்க. கூரையில விழுற தண்ணியப் பிடிக்கச் சட்டம் இருக்கு. சுவருக்குள்ள ஒழுகுற தண்ணியப் பாக்க ஒரு சாண் கதவு வைக்க நமக்கு மனசில்ல.

எங்க கரிசல் மண்ணு கோடையில பிளக்கும், ஐப்பசி மழைக்கு ஊதும். மேல நிக்கிற வீடும் அசையத்தான் செய்யும். அதுக்குள்ள இருக்கிற ஜாயிண்ட் மட்டும் அசையாதா? பட்டணத்துல கதை வேற. உங்க பைப்பு ஒழுகினா கீழ் வீட்டுக்காரர் கூரை ஈரமாகும். தண்ணியோட சண்டையும் சேந்து வரும்.

கண்மாய்க்குக் கரை போட்ட பழைய ஆளுக மடையும் வச்சாங்க. சிவகாசிப் பக்கம் வெடி ஆலை அறைக் கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கணும். ஒண்ணை மூடும்போதே திறக்கிற வழிய யோசிக்கிறது நமக்குப் புதுசா?

பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. வால்வுக்கு நேரா சுவர்ல ஒரு அடிக்கு ஒரு அடியாவது திறப்பு விடணும். கையும் ஸ்பேனரும் சேந்து நுழையணும். சுத்தி துருப்பிடிக்காத சட்டம் ஒண்ணு. தண்ணியில ஊறாத பலகையில டைல்ஸை ஒட்டி, காந்தத்தாலயோ ஸ்க்ரூவாலயோ அந்தச் சட்டத்துல பிடிக்க வைக்கலாம். ஓரம் டைல்ஸ் கோட்டோட சேந்து வந்தா கண்ணுக்கே தெரியாது. அந்த ஓரத்துல மட்டும் சிமெண்டு பூசக்கூடாது, சிலிக்கான்தான் போடணும். வேணும்போது பிளேடால அறுத்து, கண்ணாடிக் கடைக்காரங்க வச்சிருக்கிற ரப்பர் கப்பால இழுத்தா வந்துரும். வேலை முடிஞ்சதும் திரும்ப சிலிக்கான்.

"தண்ணி உள்ள இறங்கும்"பாங்க. சிலிக்கான் சரியாப் போட்டா இறங்காது. அந்தப் பயம் போகலையா, சுவருக்குப் பின்பக்கம், காஞ்ச ரூம் பக்கமா திறப்பு வைங்க. அதுக்கு டைல்ஸே வேணாம், சின்னக் கதவு போதும்.

ஊர்ல அப்பா அம்மாவுக்கு வீடு கட்ட பிளான் அனுப்புற பிள்ளைகளே, டைல்ஸ் கலருக்கு ரெண்டு நாள் கடை கடையா அலையுறீங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி, "இதை எப்படித் திறக்கிறது?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. கொத்தனார் சிரிச்சா சிரிக்கட்டும். நான் தலையாட்டின மாதிரி ஆட்டிறாதீங்க.