படகு யாருடையது? தக்கிலே தீவு சொல்லும் சுற்றுலாக் கணக்கு

விவசாயத்தில் வருமானம் போதவில்லையா? ஊரைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் வந்தால் நாலு காசு பார்க்கலாமே! பழங்குடி விவசாயிகளுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் யோசனை இது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், வருகிற காசு யார் பைக்குப் போகும்? பெரு நாட்டின் தக்கிலே தீவுக்கு இதில் சுமார் 50 ஆண்டு அனுபவம் உண்டு.

எங்கே இருக்கிறது?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாகா ஏரியில் இருக்கிறது தக்கிலே. இங்கு வாழ்பவர்கள் கெச்சுவா மொழி பேசும் விவசாயிகள். சரிவில் படிப்படியாக அமைத்த வயல்களில் உருளைக்கிழங்கும் பார்லியும் விளைகின்றன. ஆண்கள் பின்னுவார்கள், பெண்கள் நெய்வார்கள். இந்தத் துணிக்கலையை யுனெஸ்கோ 2005-ல் அங்கீகரித்தது.

எப்படிச் சம்பாதித்தார்கள்?

1970-களில் வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கினர். தீவுக் குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து படகு வாங்கி ஓட்டின. கரையிறங்கும் விருந்தாளிகளை முறைவைத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். இன்னைக்கு உங்க வீடு, நாளைக்கு எங்க வீடு. துணிகளை ஊர்ப் பொதுக்கடையில் நிர்ணயித்த விலைக்கு விற்றார்கள். காசு ஊருக்குள்ளேயே சுற்றியது.

எங்கே சறுக்கியது?

1990-களில் அரசு சந்தையைத் திறந்துவிட்டது. படகுப் போக்குவரத்தில் தீவுக்காரர்களுக்கு இருந்த தனியுரிமை போனது. கரையில் உள்ள புனோ நகரத்துச் சுற்றுலா நிறுவனங்கள் வேகப் படகுகளோடு வந்தன. காலையில் இறங்கி, மதியம் சாப்பிட்டு, மாலையே திரும்பும் பயணிகள் பெருகினர். கூட்டம் கூடியது, ஊரின் பங்கு சுருங்கியது. பிறகு தீவு மக்களே சொந்தமாகப் பயண நிறுவனம் தொடங்கி, இழந்ததை மீட்கப் பார்த்தார்கள்.

போட்டி நல்லதுதானே?

பயணிக்கு நல்லது. ஆனால், கடன் வாங்கிப் படகு இறக்கும் நிறுவனமும், கிழங்கு விற்ற காசில் படகு வாங்கும் விவசாயியும் ஒரே கோட்டில் நின்று ஓடவில்லை. தக்கிலேயின் வயல், வீடு, தறி எதுவும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: பயணியை அழைத்துவரும் உரிமை.

எனவே, கிராமச் சுற்றுலாத் திட்டம் போடும் அரசுகள் வீட்டுக்குச் சாயம் பூச மானியம் கொடுத்தால் மட்டும் போதாது. ஊருக்குள் யார் வரலாம், எத்தனை பேர் வரலாம், என்ன கட்டணம் என்று முடிவு செய்யும் உரிமையை ஊர்ச்சபைக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டும். அந்த உரிமை இல்லாவிட்டால், சொந்த ஊரிலேயே அவர்கள் வேடிக்கைப் பொருளாகிவிடுவார்கள்.

பயணிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஹோம்ஸ்டே புக் செய்யும்போது அறையின் போட்டோவை மட்டும் பார்க்காமல், ஒரு கேள்வி கேளுங்கள்: 'வண்டி யாருது, வீடு யாருது?'