காய்கறிக் கொல்லைக்கும் ஆசான்கள் வேண்டும்

தோட்டம் என்றதும் நம் கண்முன் வருவது ரப்பர் மரமும் பால் வாளியும்தான். லயத்தின் பின்புறத்தில் நாலு பாத்தி வெண்டை, ஒரு முருங்கை, வேலியில் படர்ந்த அவரை என்று நம் தாய்மார்கள் வளர்த்த கொல்லையை எவரும் தோட்டம் என்று சொன்னதில்லை. ஆனால் ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் மக்கள் தவித்தபோது எத்தனையோ குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது அந்தக் கொல்லையில் விளைந்த மரவள்ளிக்கிழங்குதான்.

சங்கப் பத்திரிகைக்குக் கத்தரிக்காயில் என்ன அக்கறை என்று அன்பர்கள் கேட்கலாம். அக்கறை இருக்கிறது. கொல்லை வைக்கும் கலை தோட்டத்துப் பெரியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளிடம் இல்லை. பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீடுகளில் குடியிருந்து, ஒரு பிடி கீரைக்கும் காசு கொடுத்து வருகிறார்கள். பெரியவர்களுக்குத் தெரிந்ததை ஒழுங்காகத் திரட்டி, தெரியாததை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களையே ஆசான்களாக்க ஏன் முயலக் கூடாது?

இப்படி ஓர் ஏற்பாட்டை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தார் 1972ஆம் ஆண்டிலேயே தொடங்கினார்கள். சியாட்டில், டக்கோமா நகரங்களைச் சுற்றி வீட்டில் செடி வளர்ப்போர் அந்நாளில் பெருகிவிட்டார்கள். இலை ஏன் சுருளுகிறது, காய் ஏன் அழுகுகிறது என்று கேட்டு அவர்கள் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் விவசாய அலுவலர்களை மொய்த்தார்கள். பெரிய பண்ணைகளைக் கவனிக்கவே அந்த அலுவலர்களுக்கு நேரம் போதவில்லை. அவர்களுள் ஒருவரான டேவிட் கிப்பி ஒரு வழி கண்டார். செடி வளர்ப்பில் ஆர்வமுள்ள பொதுமக்களைப் பொறுக்கியெடுத்து, முறையாகப் பாடம் நடத்தி, அவர்களைக் கொண்டே ஊராருக்கு விடை சொல்ல வைப்பது என்பதே அது. சாதாரண ஜனங்கள் நிபுணர் வேலை செய்வதா என்று நிபுணர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். டக்கோமா கடைத்தொகுதி ஒன்றில் சோதனையாக மேசை போட்டு உட்கார்ந்ததும் கேள்வி கேட்கக் கூட்டம் கூடிவிட்டது. 1973இல் வகுப்புகள் ஆரம்பமாயின. 'மாஸ்டர் கார்டனர்' என்ற பெயரில் இன்று அது அமெரிக்கா முழுவதும் நடைபெறுகிறது.

அதன் விதிகள் நமக்குப் பிடித்திருக்கின்றன. பெற்ற பயிற்சிக்கு ஈடாக இத்தனை மணி நேரம் ஊருக்கு உழைப்பதாகத் தொண்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டத்தைக் காட்டி உரமோ மருந்தோ விற்கக் கூடாது. ஆராய்ச்சியில் தேறிய விஷயத்தையே சொல்ல வேண்டும். தெரியாத கேள்வி வந்தால் பல்கலைக்கழகத்தில் விசாரித்து வந்து சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் சிங்கப்பூரிலும் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அங்கே இத்தகைய தோட்டங்கள் 2,000க்கு மேல் இருக்கின்றன. அனுபவமுள்ள தொண்டர்கள் புதியவர்களுக்குக் கைகொடுக்கிறார்கள்.

கூலியில்லாத வேலை என்றால் சங்கத்தாருக்குச் சந்தேகம் வருவது இயற்கை. பிரட்டுக்கு முன்னும் பின்னும் ஓசியில் வாங்கப்பட்ட வேலையை எதிர்த்துப் போராடியவர்கள் நம் முன்னோர். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தொண்டின் பலன் பக்கத்து வீட்டாருக்குப் போனால் அது தொண்டு. முதலாளியின் கணக்கில் ஏறினால் அது ஓசி வேலை. தோட்ட அலுவலகத்தின் முன்னால் பூச்செடி நடுவதற்குத் தொண்டர் யாரும் போக வேண்டியதில்லை.

நம்மவருக்குத் தெரியாத கலையா இது என்றும் சிலர் கேட்பார்கள். பாதி தெரியும். மீதியை உள்ளபடியே ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டு மழை மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போவதால் பெரும்பாலான இடங்களில் மண் புளித்துக் கிடக்கிறது. சாம்பலும் சுண்ணாம்பும் போட்டால் செடி செழிக்கும் என்பதைப் பாட்டிமார் அனுபவத்தில் அறிந்து வைத்திருந்தார்கள். எவ்வளவு போடுவது என்பதைத்தான் மண்ணைச் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அளவு மீறினால் அதுவும் கெடுதல்.

கத்தரிச் செடி ஒன்று காலையில் பச்சையாக நின்று, மாலையில் வாடி, இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கண்ணேறு என்பார் சிலர். தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார் சிலர். வாடிய செடியின் தண்டை அடிப்பக்கம் வெட்டி, கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் நுனி படும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்மையாக ஓர் இழை இறங்கினால் அது மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். பால் வடிவதைப் பார்த்துப் பிழைத்த நமக்கு இந்தச் சோதனை விளங்காமல் போகுமா? நோய் கண்ட இடத்தில் மறுபடியும் கத்தரி, தக்காளி, மிளகாய் நடக் கூடாது. மருந்தடித்தும் பயனில்லை. அந்த நோயை ஓரளவு தாங்கும் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டுவது ஒரு நல்ல வழி. ரப்பர் கன்றுக்குக் கண் ஒட்டிய கைகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன! அந்தக் கைகளுக்குக் கத்தரி ஒட்டு ஒரு வார வேலை.

தொண்டர் கற்பிக்க வேண்டியவற்றுள் நாம் மிக முக்கியமாகக் கருதுவது விஷத்தைப் பற்றியது. களைக்கொல்லி வந்த காலி டின்னையும் பீப்பாயையும் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடிப்பதும், அதிலேயே கீரை விதைப்பதும் தோட்டங்களில் நெடுநாள் பழக்கம். கழுவினாலும் விஷம் முழுவதும் போகாது. நம் பெண்கள் ஆண்டுக்கணக்காய் முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட் மருந்துக்கு 2002இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை வந்தது. அந்தக் காலத்துப் பீப்பாய்கள் இன்னும் சில வீடுகளின் பின்புறம் கிடக்கக் கூடும். தொண்டர் வீட்டுக்கு வந்தால் முதலில் அவற்றை அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். பூந்தொட்டியின் தட்டில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு முட்டையிடும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இனி நிலத்தைப் பற்றி. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று ஆங்கிலேயர் காலத்துத் தொழிற்சட்டமே விதித்தது. எத்தனை நிர்வாகங்கள் அதை மதித்தன என்பது பழைய கிராணிமாருக்குத் தெரியும். பிராங் பெசார் தோட்டத்தின் ஒட்டு ரப்பர் இனங்கள் உலகப் பெயர் பெற்றவை. அந்தத் தோட்டத்தையும் அடுத்திருந்த மூன்று தோட்டங்களையும் எடுத்துத்தான் 1990களில் புத்ராஜெயா நகரத்தைக் கட்டினார்கள். குடியிருந்தவர்கள் டிங்கில் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டார்கள். நான்காம் மாடியில் முருங்கை வளருமா? தொட்டியில் பசலையும் மிளகாயும் கறிவேப்பிலையும் வளரும், அதைக் கற்றுக்கொடுக்கலாம். இழந்த கொல்லைக்கு அது ஈடாகாது என்பதை நாம் மறைக்கவில்லை.

இன்னொரு பேச்சையும் முன்கூட்டியே மறுத்துவிடுகிறோம். காய்கறிதான் வீட்டிலேயே விளைகிறதே, சம்பளம் எதற்கு உயர்த்த வேண்டும் என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. 2025 பிப்ரவரியில் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. வெண்டைக்காய்க்காக அதில் ஒரு காசும் கழிபடக் கூடாது.

கிளைச் செயலாளர்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டுகிறோம். கிளைக்கு இருவர் போதும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், கொல்லையைப் பார்த்து வந்தவர்கள் அவர்களே அல்லவா? பாடம் நடத்த விவசாய இலாகாவையும் மார்டியையும் கேட்கலாம். பாடங்களைத் தமிழில் எழுதித் தரக் கிராணி அன்பர்கள் முன்வர வேண்டும். விதை வாங்குவதற்கு முன்னால் பாத்திக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாயும், பாத்தி போடும் நிலத்துக்கு நிர்வாகத்தின் கையெழுத்திட்ட கடிதமும் பெற்றுக்கொள்ளுங்கள்.