குதிகால் வலியும் ஒரு ஸ்டூலும்

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தியது போல் சுரீரென்று ஒரு வலி. நாலு அடி நடந்தால் குறையும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் வந்துவிடும். அம்மாவோ அத்தையோ இப்படி நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போவதைப் பார்க்காதவர்கள் குறைவு. "வயசாயிடுச்சுல்ல..." என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வயசு மட்டுமா காரணம்? குதிகால் எலும்பிலிருந்து கால் விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். அதிக உடல் எடை, இறுகிப்போன கெண்டைக்கால், தட்டையான செருப்பு, கெட்டித் தரையில் மணிக்கணக்காக நிற்பது எல்லாம் சேர்ந்து, குதிகாலோடு ஒட்டும் இடத்தில் அந்தப் பட்டையை நைந்துபோகச் செய்கின்றன. டாக்டர்கள் இதை 'பிளாண்டார் ஃபேஸியைட்டிஸ்' என்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம்!

சூடான செங்கல்லின் மேல் எருக்க இலையை வைத்து மிதிப்பது பாட்டி வைத்தியம். இதமாக இருக்கும், சரி. ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. அவர்கள் இதைத் தொடவே கூடாது. அதைவிட, படுக்கையை விட்டு இறங்கும் முன் கால் விரல்களைக் கையால் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கலாம். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டலாம். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பாதத்தின் அடியில் உருட்டலாம். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடலாம். விடாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும்.

ஆனால் இத்தனைக்கும் மேல் காலுக்கு ஓய்வு வேண்டுமே! டைல்ஸ் தரையில் பகல் முழுக்க நின்று புடவை விரித்துப் போடும் பெண்ணிடம் "கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்து என்ன பயன்? வாடிக்கையாளர் முன் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. அந்தத் திருத்தமும் குதிகால் வலிக்கு ஒரு மருந்துதான். மாத்திரையைவிட நல்ல மருந்து.

அடுத்த முறை தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது உங்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடுவார்கள். மேஜைக்கு அந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறதா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.